கோணி சுருட்டிய நாள்

ஊஞ்சக்காட்டூர்,
எடப்பாடி வழி.
28 அக்டோபர் 1923

அன்புள்ள மச்சான் கைலாசம் அவர்களுக்கு, சென்னிமலை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் குஞ்சம்மாளும் சௌக்கியம். நீங்களும் முத்தாயக்காளும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு கார்டாவது போடவும். சேலத்தில் பிளேக்கு வந்து தெருத் தெருவாக எலி விழுகிறது என்று இங்கே வருகிறவர்கள் சொல்லும்போதெல்லாம் மனது பதறுகிறது.

நீங்கள் அனுப்பிய குழந்தை பூவாத்தாள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். சங்ககிரி ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து வண்டியில் ஊர் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் "அத்தை, இங்க எலி இருக்குதா?" என்று கேட்டாள். "இருக்குது சாமி, ஆனா உசுரோட இருக்குது" என்றாள் குஞ்சம்மாள். எலி உயிரோடு ஓடினால் பயமில்லை, செத்து விழுந்தால்தான் பயம் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் சிரித்தாள்.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் உட்கார்த்திவிட்டேன். பள்ளியில் மொத்தம் நாற்பத்துமூன்று பேர் இருந்தார்கள், இவள் நாற்பத்துநான்கு. எங்கள் பள்ளியில் உட்காரப் பலகை கிடையாது. அவரவர் கோணித்துண்டு அவரவருக்கு. சாயங்காலம் சுருட்டி மூலையில் அடுக்க வேண்டும். நெசவாளர் பிள்ளைகள் ஆனதால் ஒவ்வொரு கோணியிலும் வண்ண நூலில் ஓர் அடையாளம் தைத்திருக்கும். ஒருவன் மீன் போட்டிருக்கிறான், ஒருத்தி சக்கரம். இவளுக்கும் பழைய சாக்கு ஒன்றை வெட்டி, ஓரம் மடித்து, சிவப்பு நூலில் "பூ" என்று எழுத்தும் போட்டாயிற்று. இரவு அதன்மேல்தான் படுப்பேன் என்கிறாள். அது பள்ளிக்கூடத்துச் சொத்து, லீவு விடும் நாளில்தான் வீட்டுக்கு வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்காளிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும்.

தங்கள் மைத்துனன்,
சென்னிமலை

*

அஸ்தம்பட்டி, சேலம்.
5 நவம்பர் 1923

சிரஞ்சீவி மாப்பிள்ளை சென்னிமலைக்கு, கைலாசம் ஆசீர்வாதம். கடவுள் புண்ணியத்தில் இவ்விடம் இதுவரை ஒன்றுமில்லை. உன் கடிதம் கிடைத்த அன்று உன் அக்காள் இரண்டு வேளையும் சாப்பிட்டாள்.

முதலாவது விஷயம், நாங்கள் இருவரும் பிளேக்கு ஊசி போட்டுக்கொண்டோம். கை இரண்டு நாள் தூக்க முடியவில்லை. அந்த இரண்டு நாளும் ஆபீசில் இடது கையால் தபால் பிரித்தேன். தலைமைக் குமாஸ்தா, "வலது கையால் செய்யும்போது மட்டும் என்ன கிழித்தீர்" என்றார்.

இரண்டாவது, பூவாத்தாளின் பள்ளிச் சான்று இத்துடன் இருக்கிறது. வருகைப் பதிவில் சேர்ந்த தேதியைச் சரியாகப் போடவும். என் பெண் என்பதற்காக எதுவும் விடுபடக்கூடாது. பள்ளிக்கூடத் தாள்கள் எல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகின்றன.

மூன்றாவது, உன் அக்காள் சொல்லச் சொன்னது. குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அழுவாளாம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, அதனால்தான் இப்படியெல்லாம் எழுதச் சொல்கிறாள். தப்பாக நினைக்காதே.

இங்கே செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவளை அங்கே அனுப்பியது நான் செய்த ஒரே புத்திசாலிக் காரியம்.

இப்படிக்கு,
கைலாசம்

*

ஊஞ்சக்காட்டூர்,
22 நவம்பர் 1923

மச்சான் அவர்களுக்கு அநேக வணக்கம். பூவாத்தாள் சௌக்கியம். தினமும் எண்ணெய் வைத்து, அவளிடமே வாய்ப்பாடு கேட்டு வாங்குகிறாள் குஞ்சம்மாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை வந்தாயிற்று, அழுகை இல்லை.

இனி எழுதப் போவதை அக்காளிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

போன வியாழக்கிழமை கிழக்கு வீதியில் இரண்டு எலி விழுந்தது. திங்கட்கிழமை நூல் கடை சரவணமுத்து வீட்டு வாசலில் ஒன்று. நேற்று எங்கள் பள்ளிக்கூடத்திலேயே, கோணி அடுக்கும் மூலைக்குப் பின்னால் ஒன்று கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டேன். அன்றே அறையைப் பூட்டினேன். எல்லா வகுப்பும் இப்போது வெளியே வேப்பமரத்தடியில், வெறும் பாறைமேல் நடக்கிறது. மழை வந்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

ஆனால் எத்தனை நாள் இப்படி ஓட்டுவது? கிறிஸ்துமஸ் லீவு டிசம்பர் இருபத்தொன்றில்தான் தொடங்குகிறது. அதை டிசம்பர் முதல் தேதிக்கே கொண்டுவர அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறேன். பரீட்சையை ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே மண்பானையில் நாற்பத்துநான்கு பேர் தண்ணீர் குடிக்கிறார்கள். ஒருவனுக்குக் கண்வலி வந்தாலே ஒரு வாரத்தில் பள்ளிக்கூடமே சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கும். கண்வலிக்கே இப்படி என்றால் இதற்கு எப்படி என்று நினைத்துப் பாருங்கள்.

ஊரில் எல்லோருக்கும் சம்மதம் என்று சொல்லமாட்டேன். பொன்னாயி என்று ஒரு நெசவுக்காரி, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இன்று காலை வழிமறித்துக்கொண்டாள்.

"ஏனுங்க வாத்தியாரே, பள்ளிக்கோடத்த மூடிப்போட்டா புள்ளைங்க எங்கீங்க போகும்? ஊட்டுக்குத்தானுங்க வரும்? எங்கூட்டுத் தறிக்குழியில இல்லாத எலியா உங்க பள்ளிக்கோடத்துல கெடக்குது? இங்க மரத்தடியில குந்தியிருந்தாலாச்சும் காத்தாட இருக்கும்ங்க."

அவளுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க படிச்சவுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா" என்று விட்டுவிட்டுப் போனாள்.

மனு உங்கள் ஆபீசுக்குத்தான் வருகிறது. கொஞ்சம் கவனித்து மேலே நகர்த்தவும். இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

தங்கள்,
சென்னிமலை

*

அஸ்தம்பட்டி, சேலம்.
28 நவம்பர் 1923

மாப்பிள்ளைக்கு ஆசி. இருவரும் சுகம்.

உன் மனு வந்தது. முதலாவது, எலி செத்தது என்ற காரணத்துக்காகப் பள்ளியை மூட விதி இடம் தரவில்லை. ஊரில் நோய் இருக்கிறது என்று சுகாதார அதிகாரி சான்று தரவேண்டும். அந்தச் சான்றுக்கு மனிதர் யாராவது நோயில் விழுந்திருக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்கே நன்றாக இல்லை, ஆனால் விதி அதுதான்.

இரண்டாவது, மனுவோடு மூன்று மாத வருகைச் சுருக்கம் மூன்று பிரதி வைக்க வேண்டும். நீ இரண்டுதான் வைத்திருக்கிறாய், அதிலும் ஒன்றில் கையெழுத்து இல்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன். சரிசெய்து அனுப்பு.

மூன்றாவது, துரை முகாம் போயிருக்கிறார். ஏற்காட்டிலிருந்து எப்போது இறங்குவார் என்று தெரியாது. உத்தரவு இல்லாமல் நீயாக மூடிவிடாதே. போன வருஷம் ஒருவர் காலராவுக்குப் பயந்து நாலு நாள் மூடினார். அவர் பள்ளியின் அங்கீகாரமே போயிற்று. அந்தக் கோப்பை நான்தான் கட்டி வைத்தேன்.

பூவாத்தாளை இங்கே திருப்பி அழைத்துக்கொள்ளலாமா என்று ஒரு ராத்திரி முழுதும் யோசித்தேன். நேற்று எங்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒரு வீட்டில் பிளேக்கு என்று கூரையைப் பிரித்துவிட்டார்கள். அங்கேயே இருக்கட்டும். உன் பக்கத்தில் இருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தைரியம்.

உன் அக்காளிடம் எதையும் சொல்லவில்லை.

கைலாசம்

*

ஊஞ்சக்காட்டூர்,
3 டிசம்பர் 1923

மச்சான் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் மூவரும் நலமே. வருகைச் சுருக்கம் மூன்று பிரதி, மூன்றிலும் கையெழுத்திட்டு இன்றே அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்ட சான்றும் இனி கிடைத்துவிடும். முந்தாநாள் வடக்குத் தெரு ரங்கன் இறந்துபோனான். மூட்டை தூக்குகிறவன். இரண்டு நாள் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டியது, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. சானிடரி இன்ஸ்பெக்டர் வந்து எழுதிக்கொண்டு போனார். மனுவுக்கு வேண்டியது கிடைத்தது என்று ஒரு கணம் தோன்றிவிட்டது, மச்சான். அப்படித் தோன்றிய மனதை என்ன செய்வது?

காடு தோட்டம் வைத்திருக்கிறவர்கள் காட்டுக் கொட்டாய்க்குக் குடிபோய்விட்டார்கள். ஆறு பிள்ளைகள் அப்படிப் போனவர்கள், பள்ளிக்கு வருவதில்லை. நெசவுக்காரர்கள் எங்கே போவார்கள்? பாய்முடைகிறவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போகலாம். தறி குழிக்குள் அல்லவா இறங்கியிருக்கிறது! குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

தினமும் காலையில் பேர் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு பிள்ளை "உள்ளேன் ஐயா" என்னும்போதும் முகத்தைப் பார்க்கிறேன், கண் சிவந்திருக்கிறதா, நடை தடுமாறுகிறதா என்று. இதுவரை ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நாலாம் வகுப்புச் சுகாதாரப் பாடத்தை எல்லா வகுப்புக்கும் சேர்த்தே நடத்தினேன். எலி செத்துக் குளிர்ந்ததும் அதன்மேலிருந்த தெள்ளுப்பூச்சி வேறு சூடு தேடிக் கிளம்பும், அதுதான் நோயைக் கொண்டுவரும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். "தெள்ளுப்பூச்சிக்கு எத்தனை கால், மாமா?" என்று பூவாத்தாள் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஐயா என்று கூப்பிட வேண்டும் என்றேன். "எத்தனை கால், ஐயா மாமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சரவணமுத்து கடைவாசலில் நின்று சொல்கிறார்: "வாத்தியாருக்கு லீவு வேணும்னா நேராக் கேக்கறதுதானுங்களே? செத்த எலிமேல ஏனுங்க பழி போடறீங்க?" அவர் மகன் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான்.

உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

சென்னிமலை

*

சேலம்,
9 டிசம்பர் 1923

மாப்பிள்ளைக்கு, சுகம், சுகமறிய அவா.

உத்தரவு பைசல் ஆகிவிட்டது. டிசம்பர் 12 மாலையோடு பள்ளியை மூடி, ஜனவரி 7 காலை திறக்கவும். அரையாண்டுப் பரீட்சை திறந்த பிறகு. முத்திரையிட்ட பிரதி தனியாக வரும். அதற்குக் காத்திருக்க வேண்டாம், இந்தக் கடிதத்தை வைத்தே மூடலாம், நான் பொறுப்பு.

கொஞ்சம் தாமதமாகிவிட்டது. காரணம் நேரில் சொல்கிறேன்.

பூவாத்தாளுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்திருக்கிறேன். பச்சை. லீவில் வந்து பார்க்கும்போது கொண்டுவருகிறேன்.

கைலாசம்

*

ஊஞ்சக்காட்டூர்,
13 டிசம்பர் 1923

மச்சான் அவர்களுக்கும் அக்காளுக்கும் எங்கள் மூவரின் வணக்கம். இன்றைக்கு மனது லேசாக இருக்கிறது. எல்லோரும் நலம் என்று இந்த முறை பயமில்லாமல் எழுதுகிறேன்.

நேற்று மாலை பள்ளியை மூடினேன். உத்தரவைப் படித்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் எழுந்து பறந்தது. முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மூன்று வாரமாக ஒருவருக்கும் தலைவலிகூட இல்லாமல் காப்பாற்றி, பெற்றவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடன் தீர்ந்த மாதிரி இருக்கிறது.

பூட்டிய அறையைத் திறந்தேன். அடைத்துக் கிடந்த அறையின் வாடை முகத்தில் அடித்தது. எங்கள் பள்ளியில் இருபது வருஷ வழக்கம் ஒன்று உண்டு. நான் வந்த வருஷமே ஏற்படுத்தியது. நீண்ட லீவு விடும் நாளில் அவரவர் கோணியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், துவைத்து, திறக்கும் நாளில் சுத்தமாகக் கொண்டுவர வேண்டும். பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர்கள் எல்லாம் பாராட்டி எழுதிய வழக்கம். அறையில் விட்டுவைத்தால் எலி கடித்துக் குதறிவிடும் என்றும் நினைத்தேன். முப்பத்தெட்டுப் பேரும் மீன், சக்கரம், கிளி என்று தேடி எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

பூவாத்தாள் கோணியை மழைக்குப் போடும் கொங்காணி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு வீடு வரை வந்தாள். "இன்னிக்கு லீவு நாள் மாமா, நீங்கதான் சொன்னீங்க" என்று அதன்மேலேயே படுத்துத் தூங்கினாள். துவைப்பது நாளைக்கு ஆகட்டும் என்று குஞ்சம்மாளும் விட்டுவிட்டாள்.

நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டேன். பச்சைப் பாவாடை பற்றிச் சொன்னேன். எந்தப் பச்சை, கிளிப்பச்சையா இலைப்பச்சையா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.

சென்னிமலை

*

ஊஞ்சக்காட்டூர்,
18 டிசம்பர் 1923

மச்சான் அவர்களுக்கு,

சரவணமுத்துவின் மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பொன்னாயியின் மூத்த பெண்ணுக்கும் நேற்றிலிருந்து. வைத்தியருக்கு எடப்பாடிக்கு ஆள் போயிருக்கிறது. மழை இல்லை. குஞ்சம்மாளுக்கு உட்காரக்கூட நேரமில்லாததால் அவள் எழுதச் சொன்னதை எல்லாம் எழுத முடியவில்லை.

லீவு கிடைத்தால் கொஞ்சம் முன்னதாகவே வரவும்.

சென்னிமலை

*

சேலம்,
20 டிசம்பர் 1923

மாப்பிள்ளை, உன் கார்டு இப்போதுதான் வந்தது. மூன்று தடவை படித்தேன். அதில் பூவாத்தாளைப் பற்றி ஒரு வரி இல்லை. நலம் என்ற வார்த்தையும் இல்லை.

உன் அக்காள் என் முகத்தைப் பார்த்தே கார்டைப் பிடுங்கிக்கொண்டாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கடைசி வரை படித்துவிட்டு, "புள்ள பேரைக் காணோமே" என்றாள்.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைதான் விடுவார்களாம். அதற்குள் தந்தி கொடு. இலைப்பச்சை என்று சொல்.

கைலாசம்

*

சேலம்,
16 ஜனவரி 1924

மாப்பிள்ளை சென்னிமலைக்கு,

சனிக்கிழமை மத்தியானம் நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் எல்லாம் முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தீர்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட்டாள் என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு இரண்டு நாள் நாம் ஒரே வீட்டில் இருந்தும் பேசவில்லை. நேரில் சொல்வதாக ஒன்றை எழுதியிருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

உன் முதல் மனு நவம்பர் இருபத்தாறிலேயே என் மேஜைக்கு வந்தது. மூன்றாவது பிரதியை நானே எழுதியிருக்கலாம். அரை மணி நேர வேலை. உன் கையெழுத்து எனக்குத் தெரியும், உன்னிடம் கேட்காமலே போட்டிருக்கலாம், பின்னால் சொல்லியிருக்கலாம். மைத்துனன் மனு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று சுத்தமாக இருக்க நினைத்தேன். திருத்தி வந்த மனுவும் நாலு நாள் என்னிடமே கிடந்தது. செத்த எலியைப் பற்றிக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினால் துரை சிரிப்பார் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ரங்கன் என்று ஒருவன் சாகாவிட்டால் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன்.

நீ கேட்டபடி முதல் தேதியே மூடியிருந்தால் அவள் இருந்திருப்பாள். இது எனக்கும் என் மேஜைக்கும் தெரியும்.

உன் அக்காள் பேசுவதில்லை. உன் பெயரை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். என்னிடமும் அப்படித்தான். சோறு போட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.

இன்னொன்று. ஜில்லா முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை போகிறது. தொற்றுநோய்க் காலத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னதாகவே பள்ளிகளை மூடலாமா, கூடாதா, காரணம் என்ன, அனுபவத்தில் கண்ட உதாரணம் ஒன்று தருக என்று மூன்று கேள்வி. எல்லாத் தலைமையாசிரியரும் பதில் அனுப்ப வேண்டும். பதில்களை நகலெடுத்துத் தொகுக்கும் வேலை என்னிடம் தந்திருக்கிறார்கள்.

நீ "மூடலாம்" என்று எழுது. எத்தனை நாள் தாமதம் ஆயிற்று, யாரால் ஆயிற்று என்றும் எழுது. நான் அப்படியே நகலெடுக்கிறேன்.

கைலாசம்

*

ஊஞ்சக்காட்டூர்,
24 ஜனவரி 1924

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு நாளாக வைத்திருந்தேன். நீங்கள் உங்கள்மேல் போட்டுக்கொண்ட பழியை அப்படியே விட்டுவிட்டால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். அதனால்தான் நாலு நாள் ஆயிற்று.

தாமதத்தால் எதுவும் வரவில்லை, மச்சான். உத்தரவு வரும் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மூடிய பிறகுதான் வந்தது. நான் கொடுத்து அனுப்பினேன்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி அறையைக் கூட்டலாம் என்று போனேன். காட்டுக் கொட்டாய்க்குப் போன ஆறு பிள்ளைகளின் கோணி மட்டும் மூலையில் கிடந்தது. அவற்றைத் தூக்கினேன். அடியில் இரண்டு எலி காய்ந்து ஒட்டிக்கிடந்தது. நான் பூட்டி வைத்திருந்த நாட்களில் செத்தவை. மேல்கோணியை எடுத்ததும் என் கை ரோமத்தின்மேல் நாலைந்து தெள்ளுப்பூச்சி குதித்தது. நான் கரும்பலகையில் போட்ட படம்தான். அதற்கு ஆறு கால் என்று அவளுக்குச் சொன்னவனும் நான்தான்.

பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். சரவணமுத்துவின் மகன் கோணியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தானாம். பொன்னாயியின் பெண் தறிக்குழி ஓரத்தில் விரித்து உட்கார்ந்து நூல் தார் சுற்றினாளாம். ஐந்து பிள்ளைகள் விழுந்தார்கள், மூன்று போயிற்று. ஐந்து பேரும் துவைக்காமல் வைத்திருந்தவர்கள். கோணி வாங்க வராத அந்த ஆறு பேரும் காட்டில் சௌக்கியமாக ஆடு மேய்க்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு இதைவிடத் தெளிவாக ஒரு கணக்கு யாரும் போட்டுக் காட்ட முடியாது.

நீங்கள் இங்கே இருந்த இரண்டு நாளில் இது எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்து இன்றைக்கு இருபத்தேழு நாள் ஆகிறது. உங்களுக்கு எழுதவில்லை. ஊரிலும் சொல்லவில்லை. எல்லாக் கோணியையும் வாங்கி எரித்தேன், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சரவணமுத்து மட்டும் தன் மகனுடையதைத் தானே கொண்டுவந்து நெருப்பில் போட்டார். "வாத்தியாரே, உங்கூட்டுக் கொழந்தையும் போயிருச்சுங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னே மாதிரி ஏதாவது குத்தலாகச் சொல்லமாட்டாரா என்று இருந்தது.

பொன்னாயியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஏழாம் தேதி பள்ளி திறந்ததும் இளைய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இவன மரத்தடியிலயே உக்கார வைங்க சாமி" என்றாள். பிள்ளைகள் இப்போது பாறைமேல்தான் உட்காருகிறார்கள். மாலையில் சுருட்டி அடுக்க ஒன்றுமில்லாததால், மணி அடித்ததும் சிறிது நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள்.

சுற்றறிக்கை வந்தது. முதல் கேள்விக்கு ஆம் என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. நவம்பரில் கேட்டிருந்தால் ஒரே வரியில் எழுதியிருப்பேன். அதனால் அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு மட்டும், மேலே சொன்னதை ஆபீஸ் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்கும் உதாரணம் சொல்லியே பேசுகிறவன் என்று என்னைக் கேலி செய்வீர்கள். இதற்கு வேறு உதாரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், மச்சான். நீங்கள்தான் நகலெடுக்க வேண்டும் என்பது தெரிந்தும் அனுப்புகிறேன்.

அக்காளிடம் சொல்லுவதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

சென்னிமலை

*

சேலம்,
4 பிப்ரவரி 1924

மாப்பிள்ளை,

உன் கடிதமும் இணைத்த தாளும் கிடைத்தன. தாளை நகலெடுத்துவிட்டேன். ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். பெயர் வரும் இடத்தில் "ஒரு மாணவி, வயது ஒன்பது" என்று எழுதினேன். மற்ற இரண்டு பிள்ளைகளையும் அப்படியே. நானூற்றுப் பன்னிரண்டு பதில் வந்திருக்கிறது. பாதிப் பேர் மூடலாம் என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். துரை கோப்பை இரண்டு நிமிஷம் புரட்டினார். பொதுவாக முடிவு செய்ய ஆதாரம் போதாது, வரும் டிசம்பரில் மீண்டும் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டி வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை அக்காளிடம் மறைக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றே படித்தேன். நடுவில் நான் தாளை மடித்தபோது, "நிறுத்தாம படிங்க" என்றாள். முழுவதும் கேட்டாள். அழவில்லை. உன்மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்மேலும் சொல்லவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்த பிறகு, இந்த ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக அவளாகப் பேசினாள்.

"அந்தக் கோணியில செவப்பு நூல்ல எழுத்துப் போட்டது ஆருன்னு கேட்டு எழுதுங்க. குஞ்சம்மாளா, தம்பியா, இல்ல புள்ளயே போட்டாளா?"

எனக்குத் தெரியவில்லை. உன் அக்டோபர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. தினமும் தபால் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

எழுதவும்.

கைலாசம்